சீர் வந்த பீரோவும் சின்னக் குழந்தையும்



'டிவி விழுந்து இரண்டு வயதுக் குழந்தை பலி', 'பீரோ சாய்ந்து சிறுமி படுகாயம்' என்று செய்தித்தாளின் ஏதாவது ஒரு மூலையில் நாலு வரி வரும். அதைப் படித்ததும் நம்மில் பெரும்பாலோர் என்ன சொல்கிறோம்? முதலில், "ஐயோ பாவம்!" அடுத்த மூச்சிலேயே, "பெத்தவ எங்க போயிருந்தாளாம்?" அவ்வளவுதான். அந்த பீரோ ஏன் சாய்ந்தது, அதைச் சாயாமல் வைத்திருக்க முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. பெத்தவளைக் கேட்டாச்சு, விஷயம் முடிஞ்சாச்சு!

நான் பிளஸ் டூ வரை படித்தவள். வேலைக்குப் போகாமல் வீட்டைப் பார்த்துக் கொள்பவள். ஆறு வயதில் ஒன்று, இரண்டரை வயதில் ஒன்று என்று இரண்டு பிள்ளைகள். பிள்ளையைக் கவனமாகப் பார்த்துக் கொள்ள வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், 'கவனமா பார்த்துக்கணும்' என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு, செய்ய வேண்டிய வேலையை வீட்டில் உள்ள எல்லோரும் தட்டிக் கழிக்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

காலை ஏழு மணிக்கு ஒரு வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். அடுப்பில் சாம்பார், குக்கர் மூன்றாவது விசிலுக்குக் காத்திருக்கிறது, மோட்டார் ஓடுகிறது, தொட்டி நிரம்பினால் போய் நிறுத்த வேண்டும், வாசலில் பால்காரர், பெரியவனுக்கு ஸ்கூல் வேன் வந்துவிடும். அந்த நேரத்தில் சின்னது பெட்ரூமில் இருக்கிறது. அம்மா கண்ணில் இருந்து குழந்தை மறைவது ஒரு நிமிஷமோ, இரண்டு நிமிஷமோ. பீரோ சாய்வதற்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம். இரண்டு நொடி போதும். பக்கத்திலேயே நின்றாலும், ஆட்கள் மூன்று பேர் சேர்ந்து மூச்சுப் பிடித்துத் தூக்குகிற சாமான் அது. சாய ஆரம்பித்த பிறகு ஒருத்தி கை கொடுத்து நிறுத்திவிட முடியுமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "விழுந்தா அழும், சத்தம் கேட்கும், ஓடிப் போய்த் தூக்கிடலாம்" என்று நினைக்கிறோம். கனமான சாமான் மார்பின் மேல் விழுந்து அமுக்கினால் குழந்தையால் மூச்சு இழுக்க முடியாது. மூச்சு இல்லாமல் அழுகை எங்கிருந்து வரும்? மிக்ஸி ஓடும் வீட்டில் பீரோ விழுந்த சத்தத்தையே 'பக்கத்து வீட்டில் ஏதோ விழுந்தது' என்று நினைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

எங்கள் தெருவில் இரண்டு வருஷத்துக்கு முன்பு நடந்தது இது. மூன்று வயதுப் பெண் குழந்தை. பீரோ கதவு திறந்திருந்தது. மேல் தட்டில் இருந்த வளையல் டப்பாவை எடுக்க, கீழ்த் தட்டில் கால் வைத்து, நடுத் தட்டைப் பிடித்து ஏறியிருக்கிறது. பீரோ அப்படியே முன்னால் வந்துவிட்டது. எதிரே இருந்த மரக்கட்டிலின் விளிம்பில் பீரோவின் தலைப்பக்கம் போய் முட்டி நின்றதால் குழந்தை உயிர் பிழைத்தது. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் இருந்த அந்த இடைவெளிதான் அதற்குக் கிடைத்த ஆயுசு. கால் எலும்பு முறிந்து ஒன்றரை மாதம் மாவுக்கட்டு.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் இருந்தேன். அந்தப் பெண்ணை ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். "போன் பார்த்துக்கிட்டு இருந்தியா?" "ஒரு புள்ளைய பார்த்துக்க முடியலையா உன்னால?" "நாங்கள்லாம் அஞ்சு பெத்து வளர்க்கலையா?" அவள் வடித்த கஞ்சியின் சூடுகூட ஆறாத கையோடு உட்கார்ந்திருந்தாள், பதிலே சொல்லவில்லை. சாயந்திரம் ஆண்கள் நாலு பேர் வீட்டுக்குப் போய் பீரோவை நிமிர்த்தினார்கள். எங்கே வைத்தார்கள் தெரியுமா? அதே இடத்தில், அதே ஸ்டாண்டின் மேல், அதே மாதிரி. நெளிந்த கதவை மட்டும் தட்டி நேராக்கினார்கள். இவ்வளவு கேள்வி கேட்ட சொந்தக்காரர்களில் ஒருவர்கூட அந்த பீரோவைப் பார்த்து, 'இது மறுபடியும் விழுமா?' என்று கேட்கவில்லை.

எனக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான்.

பீரோ ஏன் விழுகிறது என்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. ஒரு சாமானின் பாரம் அதன் நாலு காலுக்கும் நடுவில் இறங்குகிற வரை அது நிற்கும். பாரம் முன்னங்காலைத் தாண்டி வெளியே போனால் கவிழும். நம் வீட்டு ஸ்டீல் பீரோவை நினைத்துப் பாருங்கள். ஆளை விட உயரம், ஆனால் ஆழம் ஒன்றரை அடிதான். ஒரு கதவில் ஆளுயரக் கண்ணாடி வேறு. இரண்டு கதவையும் திறந்தாலே அந்தக் கதவுகளின் கனம் முழுவதும் முன்னங்காலுக்கு வெளியே தொங்குகிறது. அதோடு பதிமூன்று, பதினாலு கிலோ குழந்தையும் முன்பக்கத் தட்டில் தொற்றி ஏறினால்? டிராயர் வைத்த மர அலமாரியாக இருந்தால் இன்னும் மோசம். ஒவ்வொரு டிராயராக இழுத்துவிட்டு, மாடிப்படி மாதிரி ஏறும். குழந்தைக்கு அது படிதான், அதைக் குற்றம் சொல்ல முடியாது.

இது போதாதென்று பீரோ தலையில் நாம் ஏற்றி வைக்கிற பாரம் இருக்கிறதே! கல்யாணத்துக்கு வந்த பித்தளை அண்டா, கொலு பொம்மைப் பெட்டி, ஊருக்குப் போகும் சூட்கேஸ், அதற்கு மேல் பழைய போர்வை மூட்டை. உள்ளேயும் அப்படித்தான். பட்டுப் புடவையும் வெள்ளிப் பாத்திரமும் மேல் தட்டில், குழந்தையின் ஜட்டி, பனியன் கீழ்த் தட்டில். கனமெல்லாம் உச்சியில், காலடி லேசு. அப்படியென்றால் தள்ளாடத்தானே செய்யும்?

தரையையும் கவனியுங்கள். கழுவிவிட்டால் தண்ணீர் வெளியே ஓட வேண்டும் என்று கொத்தனார் வாசல் பக்கம் வாட்டம் கொடுத்திருப்பார். பழைய வீடுகளில் எல்லா அறையிலும் இது உண்டு. பீரோவின் முதுகு சுவர்ப் பக்கம், முகம் வாட்டத்தின் பக்கம். ஆக, நின்ற இடத்திலேயே அது கொஞ்சம் முன்னால் குனிந்துகொண்டுதான் நிற்கிறது. உங்கள் வீட்டு பீரோ கதவு தானாகவே திறந்துகொள்கிறதா? பூட்டு சரியில்லை என்று ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால், பீரோ முன்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்னங்கால் இரண்டுக்கும் அடியில் மெல்லிய மரச்சக்கை கொடுத்து, சுவரைப் பார்த்துச் சாய்கிற மாதிரி வைப்பது முதல் வேலை. துடைப்பம் போக வேண்டும், துரு பிடிக்கக் கூடாது என்று ஸ்டாண்டின் மேல் ஏற்றி வைத்திருந்தால், நாலு காலும் அதன் குழிக்குள் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஆனால் இதெல்லாம் பாதி வேலைதான். முழு வேலை, பீரோவைச் சுவரோடு பிணைப்பது. எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன்.

எலக்ட்ரீஷியன் ஒருவரை டிரில்லிங் மெஷினோடு வரச் சொன்னோம். ஹார்டுவேர் கடையில் எல் கிளாம்ப் இரண்டு, ரால் பிளக், இரண்டு அங்குல ஸ்க்ரூ, போல்ட், நட்டு, வாஷர் வாங்கினோம். பீரோவின் முதுகுத் தகடு மெல்லியது. அதில் வெறும் ஸ்க்ரூ போட்டால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும் என்று அவரே சொன்னார். அதனால் உச்சிப்பக்கம், தகடு மடிந்து கெட்டியாக இருக்கும் இடத்தில் ஓட்டை போட்டு, உள்பக்கம் அகலமான வாஷர் வைத்து நட்டு முடுக்கினார். சுவரில் பூச்சோடு நிற்காமல் செங்கல் வரைக்கும் இறங்குகிற மாதிரி துளை. ஒரு சிக்கல் வந்தது. தரை ஓரத்தில் டைல்ஸ் பட்டி ஒட்டியிருப்பதால் பீரோ சுவரைத் தொடாமல் ஒரு விரல்கடை தள்ளித்தான் நிற்கும். அந்த இடைவெளிக்கு ஒரு மரக்கட்டையை வைத்து, அதன் மேல் கிளாம்ப் அடித்தார். அரை மணி நேர வேலை. கூலியும் சாமானும் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. இன்று ஒரு நல்ல ஜாக்கெட் தைக்கும் கூலி!

செய்து முடிப்பதற்குள் நான் பட்ட பாடு தனிக்கதை. மாமியாரிடம் சொன்னேன். "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் வைக்கிற பீரோ, அதுல போயி ஓட்டை போடுறதா?" என்றார். "அத்தை, ஓட்டை பின்னாடிதான், பொட்டு முன்னாடிதானே" என்றேன். சிரித்துவிட்டார். அவரைச் சம்மதிக்க வைத்தது சுலபம். வீட்டுக்கார அம்மாதான் மலை. "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு சொல்லித்தானே வீடு குடுத்தேன்? டிரில்லிங்கா?" என்று ஆரம்பித்தார்கள். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

வாடகை வீட்டில் அனுமதியே கிடைக்கவில்லை என்றால்? சும்மா விட்டுவிட முடியாது. பீரோவை அறையின் மூலையில், இரண்டு பக்கமும் சுவர் அணைக்கிற மாதிரி வையுங்கள். பக்கத்தில் ஜன்னல் இருந்தால் பீரோவின் உச்சியில் கெட்டியான நைலான் பட்டையைக் கட்டி, ஜன்னல் கம்பியோடு தொய்வில்லாமல் இழுத்துக் கட்டலாம். வால் தொங்கவிடாதீர்கள், அது குழந்தையின் கழுத்துக்கு வேறு ஆபத்து. கனமான சாமான்களைக் கீழ்த் தட்டுக்கு இறக்குங்கள். தலையில் இருப்பதைப் பரண் மேல் போடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பீரோவைப் பூட்டிச் சாவியை எடுத்துவிடுங்கள். முக்கால்வாசி வீடுகளில் சாவி பீரோவிலேயே தொங்கும். கதவு திறந்தால்தானே குழந்தை தட்டில் ஏறும்! இவையெல்லாம் ஆபத்தைக் குறைக்குமே தவிர, கிளாம்புக்கு ஈடாகாது.

அப்புறம் ஆசை காட்டுவது. பிஸ்கட் டின், ரிமோட், சார்ஜ் ஏறும் செல்போன், 'கைக்கு எட்டக்கூடாது' என்று பிடுங்கி வைத்த பொம்மை எல்லாம் நாம் எங்கே வைக்கிறோம்? பீரோ மேல், டிவி மேல், ஃபிரிட்ஜ் மேல். 'எட்டாது' என்பது நமக்குத் தெரியும். 'ஏறினா எட்டும்' என்பது அதற்குத் தெரியும்.

டிவியைப் பற்றி. 2006-க்குப் பிறகு தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல கலர் டிவி நினைவிருக்கிறதா? அந்தக் காலத்து டிவிக்கு முன்பக்கக் கண்ணாடிதான் கனம், பின்பக்கம் லேசு. ஸ்டூல் மேலும் டிரங்குப் பெட்டி மேலும் வைத்தால் முன்னால்தான் கவிழும். இன்னும் சில வீடுகளில் மூலையில் கிடக்கிறது. ஓடாத டிவி என்றால் தயவுசெய்து வெளியேற்றிவிடுங்கள். இப்போதைய தட்டை டிவி லேசுதானே என்று நினைக்காதீர்கள். லேசாக இருப்பதே வம்பு. இரண்டு மெல்லிய காலில் நிற்கிற 43 அங்குல டிவியை ஒரு வயதுக் குழந்தை பிடித்து எழுந்து நிற்க முயன்றாலே வந்துவிடும். பின்னால் தொங்கும் ஒயரை இழுத்தாலும் வரும். சுவரில் மாட்டுவதுதான் நல்லது. பெரும்பாலும் கடைக்காரர்களே வந்து மாட்டித் தருகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், டிவி மாட்டச் சுவரில் நாலு ஓட்டை போட அனுமதிக்கிற வீட்டுக்காரர்கள், பீரோவுக்கு இரண்டு ஓட்டை என்றால் முகம் சுளிக்கிறார்கள்!

தண்ணீர் கேன் ஸ்டாண்டையும் மறக்க வேண்டாம். 20 லிட்டர் கேன் என்றால் 20 கிலோ. அதைச் சாய்த்து ஊற்றுகிற கம்பி ஸ்டாண்டை டைனிங் டேபிள் ஓரத்திலோ ஸ்டூல் மேலோ வைக்கிறோம். தண்ணீர் பிடிக்கத் தெரிந்த மூன்று வயதுப் பிள்ளை கேனைப் பிடித்து இழுக்காதா? தரையோடு இருக்கிற ஸ்டாண்டு, இல்லையென்றால் பானையில் ஊற்றி வைப்பது. தொங்கும் மிக்ஸி ஒயர், டேபிள் டாப் கிரைண்டர் ஒயர் எல்லாம் இதே கணக்குதான். வாசலில் தள்ளுகிற இரும்பு கேட் வைத்திருப்பவர்கள், அது தண்டவாளத்தைத் தாண்டி ஓடாமல் தடுக்கும் கட்டை இரண்டு முனையிலும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கேட் விழுந்து குழந்தை இறந்த செய்திகளும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

என் சின்ன நாத்தனார் அமெரிக்காவில் இருக்கிறார். அவர் மூலமாகத்தான் அங்கே நடந்ததைத் தெரிந்துகொண்டேன். ஐகியா என்ற ஸ்வீடன் நாட்டு நிறுவனம், அதன் டிராயர் அலமாரிகள் சாய்ந்து சின்னக் குழந்தைகள் இறந்ததால், 2016 ஜூன் மாதம் அமெரிக்காவில் மட்டும் சுமார் 2 கோடியே 90 லட்சம் அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. வேண்டாம் என்பவர்களுக்குப் பணம், வைத்துக்கொள்கிறேன் என்பவர்களுக்குச் சுவரில் பிணைக்கிற சாமான் இலவசம். அதோடு விடவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தகப்பன்களே ஒன்று சேர்ந்து, சட்டம் வேண்டும் என்று போராடினார்கள். 2022 டிசம்பரில் 'ஸ்டர்டி' என்று சட்டம் வந்தது. 2023 செப்டம்பரிலிருந்து அங்கே தயாராகும் துணி அலமாரிகளை, டிராயர்களைத் திறந்து வைத்து, 27 கிலோ வரை எடையுள்ள குழந்தை ஏறினால் தாங்குமா என்று சோதித்துத்தான் விற்க வேண்டும்.

'பெத்தவ எங்க போனா?' என்று அங்கேயும் கேட்டிருப்பார்கள். ஆனால் அந்தப் பெற்றோர்கள் தலை குனிந்து உட்காராமல், 'அலமாரி ஏன் விழுந்தது?' என்று திருப்பிக் கேட்டார்கள். அதனால்தான் சட்டம் வந்தது. அங்கே பெரும்பாலும் மரச்சட்டத்தில் அட்டைப் பலகை அடித்த சுவர், சட்டம் இருக்கும் இடத்தைத் தேடித்தான் ஸ்க்ரூ போட வேண்டுமாம். நமக்குச் செங்கல் சுவர். எங்கே போட்டாலும் பிடிக்கும். நமக்குத்தான் வேலை சுலபம், நாம்தான் செய்வதில்லை.

நம் ஊரில் யார் செய்ய வேண்டும் என்று கேட்டால், பீரோ விற்கிறவர்களைத்தான் முதலில் சொல்வேன். பெண்ணுக்குச் சீர் கொடுக்க வருகிறவர்களிடம் எத்தனை லாக்கர், எந்தக் கலர், கண்ணாடியில் மயில் வேண்டுமா, அன்னம் வேண்டுமா என்று கேட்கிறார்கள். வண்டியில் ஏற்றி, மூன்று மாடி தூக்கி, இறக்கி வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து ஆரத்தி எடுக்கிற வரை நிற்கிறார்கள். அந்த ஆட்களிடமே இரண்டு கிளாம்ப் கொடுத்து அனுப்பி, மாட்டிவிட்டு வரச் சொன்னால் என்ன? பீரோ செய்யும்போதே முதுகில் அதற்கு இரண்டு துளை விட்டால் என்ன? நாமும் கேட்க வேண்டும். பேரம் பேசி ஐந்நூறு குறைப்பதற்குப் பதிலாக, "மாட்டிக் குடுத்தாத்தான் எடுப்போம்" என்று பெண்ணைப் பெற்றவர்கள் சொல்லட்டும். கல்யாணத்தில் வாங்குகிற பீரோ, ஒன்றிரண்டு வருஷத்தில் தவழும் குழந்தை உள்ள வீட்டில்தான் நிற்கப் போகிறது.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையைப் பார்ப்பது பொம்பளை வேலை என்றே இருக்கட்டும். டிரில்லிங் மெஷின் யார் வேலை?

அசம்பாவிதமாக ஏதாவது விழுந்துவிட்டால், தூக்கி எடுத்ததும் குழந்தை அழுகையை நிறுத்தி விளையாடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். தலையில் பட்டு, வாந்தி எடுத்தாலோ, தூங்கித் தூங்கி விழுந்தாலோ, வலிப்பு வந்தாலோ, காதிலோ மூக்கிலோ ரத்தம் வந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வயிற்றின் மேலும் மார்பின் மேலும் விழுந்திருந்தால் வெளியில் காயமே தெரியாது, உள்ளே அடிபட்டிருக்கும். டாக்டர் பார்க்காமல் இருக்கக் கூடாது.

இப்போது எங்கள் வீட்டுக்கார அம்மா கதை. மூன்று முறை கேட்டும் முடியாது என்றார்கள். நாலாவது முறை நான் பேசவில்லை. அவர்கள் பேரன் லீவுக்கு வந்திருந்தான், ஒன்றே முக்கால் வயது. "அம்மா, உங்க வீட்டு பீரோவை ஒரு தடவை பார்க்கலாமா?" என்று கேட்டு, இரண்டு கதவையும் திறந்து, கீழ்த் தட்டில் என் கையை ஊன்றி லேசாக அமுக்கினேன். பின்னங்கால் தரையை விட்டு எழும்பியது. அந்த அம்மா பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் முதலில் அவர்கள் வீட்டில்தான் டிரில்லிங் போட்டார், அப்புறம் எங்கள் வீட்டில்.

ஆகவே வீடு வாடகைக்கு விடுகிற அம்மாக்களே, ஐயாக்களே! 'ஆணி அடிக்கக் கூடாது' என்று அக்ரிமெண்டில் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. 'சின்னக் குழந்தை இருந்தால் பீரோவுக்கு இரண்டு கிளாம்ப் தவிர' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். காலி செய்து போகும்போது அந்த இரண்டு ஓட்டையை அடைக்க ஒரு கரண்டி வெள்ளை சிமெண்ட் போதும். அந்தக் காசை அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளுங்கள்.

– ஓர் இல்லத்தரசி, திருச்சி